அணையில்லாத ஆற்றில் துடுப்புடன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் ‘வைல்ட் அண்ட் சீனிக் ரிவர்’ என்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஆறுகளில் கேனோ, கயாக், ராஃப்ட் போன்ற படகுகளில் துடுப்பு வலித்துச் செல்வது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அந்நாட்டில் வாழும் வாசகர்களும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய்வரும் பெற்றோர்களும் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக இந்த ஆறுகளில் இறங்கிவருபவன் என்ற முறையில், படித்ததோடு பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

‘வைல்ட்’ என்று குறித்திருந்தால் ஆபத்தான ஆறு என்றும், ‘சீனிக்’ என்றால் அழகான, அமைதியான ஆறு என்றும் எடுத்துக்கொள்ளலாமா?
வாசகர், டெக்சஸ்

அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது, ஐயா. முதன்முறை போகிறவர்கள் தங்களுக்குப் பொருந்தாத ஆற்றில் போய் நிற்பதற்கு இந்தக் குழப்பம் ஒரு பெரிய காரணம் என்பதால் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஆறுகளில் ஒன்றன்பின் ஒன்றாக அணைகள் எழுந்துகொண்டிருந்தபோது, மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் ஆற்றின் நடுக்கிளையில் திட்டமிடப்பட்ட அணையை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தவர்கள், ஜான் கிரெய்க்ஹெட், ஃபிராங்க் கிரெய்க்ஹெட் என்னும் இரட்டைச் சகோதரர்கள். இருவரும் வனவிலங்கு ஆய்வாளர்கள். சில ஆறுகளையாவது ஓடுகிற நிலையிலேயே விட்டுவைக்க வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணத்தை ஐடஹோ செனட்டர் ஃபிராங்க் சர்ச் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்தில் முன்னெடுத்துச் சென்றனர். 1968 அக்டோபர் 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டுச் சட்டம் பிறந்தது. தொடக்கத்தில் பட்டியலில் இடம்பெற்றவை 8 ஆறுகள்.

சட்டம் இந்த ஆறுகளைப் பகுதி பகுதியாக மூன்று வகைகளாகப் பிரிக்கிறது. அணையும் மாசும் இல்லாமல், பெரும்பாலும் நடைபாதை வழியாக மட்டுமே அணுகக்கூடிய பகுதி ‘வைல்ட்’. அணையில்லாமல், கரைகள் பெரும்பாலும் இயற்கையாகவே இருந்து, அங்கங்கே சாலை வந்து தொடும் பகுதி ‘சீனிக்’. சாலையோ ரயில் பாதையோ எளிதில் எட்டுகிற, கரையில் ஓரளவு கட்டடங்கள் உள்ள பகுதி ‘ரெக்ரியேஷனல்’. மூன்றும் கரையைப் பற்றிய சொற்களே தவிர, நீரின் வேகத்தைப் பற்றியவை அல்ல. ஐடஹோவின் லாக்சா ஆறு, 12ஆம் எண் நெடுஞ்சாலை அதன் ஓரமாகவே போகிற ஒரே காரணத்தால், ‘ரெக்ரியேஷனல்’ ஆனது. ஆனால் அதன் நீர் நான்காம் வகுப்பு வரை போகிறது. கற்றுக்குட்டிகளுக்கு அங்கே இடமில்லை. மாறாக, மொன்டானாவில் ஓடும் மேல் மிசௌரி ஆற்றில் அறிவிக்கப்பட்ட 149 மைலில் 64 மைல் ‘வைல்ட்’ என்றாலும், அங்கே நீர் அகலமாக, சீராக, பெரிய இடர் எதுவுமின்றி ஓடுகிறது.

நீரின் கடுமையை அறிய வேறொரு அளவுகோல் உண்டு. சிற்றலை மட்டும் உள்ள நீர் முதல் வகுப்பு, உயிரைப் பணயம் வைக்காமல் கடக்க முடியாதது ஆறாம் வகுப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். அந்த எண்ணும் ஒரு குறிப்பிட்ட நீர்மட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் கீழே வேறொரு பதிலில் சொல்கிறேன்.

பத்து வயது மகளும் பதினான்கு வயது மகனும் இருக்கிறார்கள். எங்கள் நால்வரில் யாரும் இதுவரை துடுப்பைத் தொட்டதில்லை. எந்த ஆற்றில் தொடங்கலாம்?
வாசகி, இல்லினாய்

மூன்று ஆறுகளைச் சொல்வேன், அம்மா. விஸ்கான்சினில் பிறக்கும் நமகாகனும், அது போய்ச் சேரும் செயின்ட் குரோயும் ஒன்றாகவே காக்கப்படுகின்றன. கோடையில் பல இடங்களில் இடுப்பளவு நீரும் மணல் படுகையும்தான். மேல் மிசௌரியில் நீர் எளிது என்றேன்; ஆனால் எதிர்க்காற்று கிளம்பினால் பிள்ளைகளின் கை ஓய்ந்துவிடும், மழை பெய்தால் கரைக் களிமண் காலை விடாது. 1805இல் நிலம் அறியப் பயணம் போன லூயிஸ், கிளார்க் குழுவினர் வியந்து எழுதிய வெண்பாறைச் சுவர்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதால், இரண்டாவது பயணமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது மிசௌரி மாநிலத்தின் தெற்கிலுள்ள லெவன் பாயின்ட் ஆறு. 1968இன் அந்த முதல் எட்டில் இதுவும் ஒன்று. தாமஸ்வில் தொடங்கி 44 மைல் காக்கப்பட்டிருக்கிறது. ஓசார்க் மலைப்பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் இறங்கிய மழைநீர் ஊற்றுகளாக வெளிவந்து இந்த ஆற்றை ஓட்டுகிறது. அவற்றுள் பெரியது கிரீர் ஊற்று. நாளொன்றுக்குச் சராசரியாக 20 கோடி கேலனுக்கு மேல் நீரைக் கொட்டும் அந்த ஊற்றின் ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் ஆறு ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. அந்த இடத்தைப் படகில் கடப்பது மறக்க முடியாத அனுபவம். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த நீரில் விரலை வைத்துக்கொண்டே போனால், ஓரிரு படகு நீளத்துக்குள் குளிர் விரல் எலும்பு வரை ஏறும். அடியில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய அளவுக்கு நீர் பச்சைக் கண்ணாடியாக மாறும். துடுப்பை வலிக்காமலே படகு விரைவதை மகள் முதலில் கவனிப்பாள்.

அந்தக் குளிர் ஏறத்தாழ 58 டிகிரி ஃபாரன்ஹீட், கோடையிலும் அதேதான். ஆகவே மாற்றுடை நீர் புகாத பையில் இருக்கட்டும். படகும் லைஃப் ஜாக்கெட்டும் வாடகைக்குத் தந்து, ஏறும் இடத்தில் கொண்டுவிட்டு இறங்கும் இடத்தில் அழைத்துக்கொள்ளும் நிலையங்கள் அருகிலேயே உண்டு. நாளொன்றுக்கு 8 மைலுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

ஆற்றுக்குப் போவதற்கு முன் அனுபவசாலிகள் ‘எத்தனை சி.எஃப்.எஸ். ஓடுகிறது’ என்று கேட்கிறார்கள். அது என்ன, அதை வைத்து என்ன முடிவு செய்வது?
வாசகர், ஜார்ஜியா

எனக்கு வந்த கடிதங்களில் மிக நல்ல கேள்வி இதுதான். சி.எஃப்.எஸ். என்பது ஒரு நொடியில் ஓரிடத்தைக் கடக்கும் நீர் எத்தனை கன அடி என்ற கணக்கு. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆற்றோரங்களில் அளவுமானிகளை வைத்து இந்த எண்ணையும் நீர்மட்டத்தையும் இணையத்தில் உடனுக்குடன் வெளியிடுகிறது. அணை உள்ள ஆற்றில் எப்போது எவ்வளவு நீர் திறப்பார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வாய்ப்புண்டு. தடையின்றி ஓடும் ஆற்றில் மதகு கிடையாது. வானமும் மலையும் தருவதுதான் நீர். ஆகவே அந்த ஆறு எதிலிருந்து நீர் பெறுகிறது என்று அறியாமல் வெறும் எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை.

உங்கள் மாநில எல்லையில் ஓடும் சட்டூகா மழையை நம்பிய ஆறு. 1974இல் பட்டியலில் சேர்ந்த இதன் 57 மைலும் சரிவான மலைக்காடுகளின் நீரை வாங்குவதால், மேலே கனமழை பெய்த சில மணி நேரத்தில் மட்டம் ஏறிவிடும். 76ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலத்தருகே உள்ள அளவுமானியில் அரை அடி கூடினால்கூட படகோட்டிகள் ‘நான்காம் பகுதி’ என்று குறிக்கும் நீளத்திலுள்ள தொடர் அருவிகள் வேறொரு ஆறாக மாறிவிடுகின்றன. காலையில் பார்த்த எண் பிற்பகலில் செல்லாது. ஐடஹோவின் சாமன் ஆற்று நடுக்கிளை உருகும் பனியை நம்பியது. மே இறுதியிலும் ஜூனிலும் நிரம்பிப் பாய்ந்து, ஜூலை நடுவுக்குப் பிறகு வற்றத் தொடங்கி, கோடை முற்றியபின் மேல்பகுதி பாறைகளாகத் தலைகாட்டுவதால், பலர் சிறு விமானத்தில் பொருள்களோடு இந்தியன் கிரீக்கில் இறங்கி அங்கிருந்து படகேறுகிறார்கள். மூன்றாவது வகை, மேலே சொன்ன லெவன் பாயின்ட் போல ஊற்றால் வாழ்வது. வறட்சியிலும் ஓரளவு சீராக ஓடும்.

பனி உருகும் ஆறுகளில் இன்னொன்று உண்டு. பகல் வெயிலில் மலையுச்சியில் உருகிய நீர் உங்கள் முகாமை எட்டும்போது நள்ளிரவாகியிருக்கலாம். மாலையில் மணலுக்கு இழுத்துவிட்ட படகு விடியலில் இல்லாமல் போன கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். முகாம் இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைப்பது என் வழக்கம். படுக்கும் முன் பார்த்தால் குச்சி நீருக்குள் நிற்கிறதா, உலர்ந்த மணலில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். எப்படியிருந்தாலும் படகை மரத்தில் கட்டாமல் நான் கண் மூடுவதில்லை.

முடிவெடுக்கும் முறை இதுதான்: நீங்கள் போகும் பகுதிக்கு எந்த அளவு குறைவு, எது அளவானது, எது மிகை என்பதை அங்கே தொழில் செய்யும் வழிகாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கிளம்பும் நாளில் எண் எங்கே இருக்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றில், நிறமும் பழுப்பாகி, கட்டைகளும் மிதந்து வந்தால், எத்தனை மைல் காரோட்டி வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் வீடுகளில் சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

வேகநீரில் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை மேலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
வாசகர், ஓரிகன்

நீரின் மேற்பரப்பே சொல்லிவிடும். இரு பாறைகளுக்கு நடுவே நீர் குவிந்து, கூர்முனை கீழ்நோக்கிய அம்புபோல வழவழப்பாகத் தெரிந்தால் அது வழி. கூர்முனை உங்களை நோக்கியிருந்தால் அந்த முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது. பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் மெல்லத் திரும்பி நிற்கும் இடத்தை ‘எடி’ என்பார்கள். அதுதான் ஆற்றில் நீங்கள் மூச்சு வாங்கும் திண்ணை. ஆனால் ஓடும் நீரும் எடியும் உரசும் கோட்டைக் கடக்கும்போது, நீங்கள் நுழைகிற நீரின் ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உடலைச் சாய்க்காவிட்டால் படகு புரளும். முன்னே ஆறு ஒரு நேர்க்கோடாக முடிந்து, அதற்குக் கீழே மரங்களின் தலை மட்டும் தெரிந்தால், கேள்வி கேட்காமல் கரையேறி நடந்து போய்ப் பாருங்கள். இடம், வலம் என்று வழிகாட்டிகள் சொல்வது எப்போதும் நீர் போகும் திசையை நோக்கி நிற்பவருக்கு உரியது.

உங்கள் மாநிலத்தின் ரோக் ஆற்றிலேயே உதாரணம் இருக்கிறது. கிரேவ் கிரீக்கில் கிளம்பினால் இரண்டு மைலுக்குள் ரெய்னி அருவி. அதன் முதன்மை வீழ்ச்சியில் இறங்காமல் வலப்பக்கக் கால்வாய் வழியாகப் பலர் படகைக் கரையிலிருந்து கயிற்றில் பிடித்து இறக்குகிறார்கள். கீழே பிளாசம் பார் என்ற இடத்தில் இடப்பக்கமாக நுழைந்து, உடனே வலப்பக்கம் வலித்துப் போக வேண்டும். அந்த ஓரிரு வலிப்பு தாமதித்தால், வேலிக்கம்புகள்போல வரிசையாக நிற்கும் பாறைகளில் நீர் உங்களைக் கொண்டுபோய் அழுத்திவிடும். அங்கே உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது. அந்தப் பாறைமேட்டில் நின்று, எனக்கு முன் போன மூன்று குழுக்களை அரை மணி நேரம் பார்த்த பிறகே நான் இறங்கினேன். அந்த அரை மணி நேரத்தை யாரும் வீண் என்று சொல்ல விடாதீர்கள்.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். இளமையில் கிணற்றிலும் ஆற்றிலும் நீந்திப் பழகியவன். லைஃப் ஜாக்கெட் கட்டாயம் போட வேண்டுமா?
வாசகர், கலிஃபோர்னியா

போட வேண்டும். போட்டு, எல்லாப் பட்டைகளையும் இறுக்க வேண்டும். தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறும் ஜாக்கெட் போடாததற்குச் சமம். நீச்சல் தெரிந்தவர்களிடம்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்காரணம் குளிர். பனி உருகிய நீரில் திடீரென விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. அப்போது தலை நீருக்குள் இருந்தால் நீரைத்தான் இழுப்பீர்கள். அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைவிரல்கள் கயிற்றைப் பிடிக்கும் வலுவை இழக்கும். உடல் வெப்பம் இறங்கி மயங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் ஜாக்கெட் இல்லாதவர் அதுவரை மிதப்பதில்லை.

இரண்டாவது, கால். வேகமாக ஓடும் நீரில் தொடையளவுதானே என்று எழுந்து நிற்கக் கூடாது. பாறையிடுக்கில் பாதம் மாட்டினால் நீர் முதுகைத் தள்ளி உங்களைக் குப்புற அழுத்திவிடும்; நீரின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, எவ்வளவு வலுவான மனிதராலும் நிமிர முடியாது. மல்லாந்து, கால்விரல்களை நீர்மட்டத்தில் வைத்து, கால் முன்னே போகும்படி மிதந்து, அமைதியான நீர் வந்ததும் கரையை நோக்கி நீந்துங்கள்.

மூன்றாவது, நீரில் சாய்ந்த மரம். இதை நான் என் அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டும். ஒரு மே மாதத் தொடக்கத்தில் நமகாகனில், நானும் நண்பர் ஒருவரும் ஒரே கேனோவில் போய்க்கொண்டிருந்தோம். எளிய ஆறு என்று இதே கட்டுரையில் எழுதியிருக்கிறேன்; அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம் நீர் கூடியிருந்தது, ஒரு வளைவின் வெளிக்கரையில் அண்மையில் சாய்ந்த மரம் ஒன்று, இலையும் துளிருமாக, ஆற்றுக்குள் கிடந்தது. வளைவில் நீர் எப்போதும் வெளிக்கரைக்கே தள்ளும். உட்கரையை ஒட்டி வர வேண்டிய நாங்கள் பேச்சில் அதைத் தவறவிட்டோம். படகு பக்கவாட்டில் மரத்தை நெருங்கியபோது, நாங்கள் இருவரும் எல்லோரும் செய்வதையே செய்தோம், அதாவது மரத்தை விட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். மேல்நீர்ப் பக்க விளிம்பு அரை அங்குலம் அமிழ்ந்தது. அவ்வளவுதான், ஆறு முழுவதும் உள்ளே வந்தது. மரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால் படகு நிமிர்ந்தே நின்றிருக்கும்.

கிளைகளுக்கிடையே நீர் புகுந்து போகும், மனித உடல் போகாது. சல்லடையில் தேயிலை நிற்பதுபோல நின்றுவிடும். நண்பர் ஒரு தடித்த கிளையின் மேல் மார்பைப் போட்டு ஏறிவிட்டார். என் இடுப்பு வரை கிளைகளுக்கடியில் போய்விட்டது. தலையை மேலே வைத்திருந்தது என் நீச்சல் அன்று, ஜாக்கெட்தான். அவர் என் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். அன்று பட்டைகள் இறுக்கமாக இருந்தது என் நல்லூழ். தவிர்க்கவே முடியாமல் அப்படியொரு மரத்தை நோக்கி அடித்துச் செல்லப்பட்டால், கால் முன்னே போகும் விதியை விட்டுவிட்டு, குப்புறத் திரும்பி, தலை முன்னே வைத்து முழு மூச்சாக நீந்தி அதன் மேல் ஏறுங்கள்.

சில ஆறுகளுக்குக் குலுக்கல் முறையில் அனுமதி என்கிறார்களே?
வாசகி, வாஷிங்டன்

ஆம். ஐடஹோவை ஒட்டிய சாமன் நடுக்கிளை, சாமன் முதன்மை ஆறு, செல்வே, ஸ்னேக் ஆற்றின் ஹெல்ஸ் கேன்யன் ஆகிய நான்குக்கும் சொந்தமாகப் படகு கொண்டு போகிறவர்கள் டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை அரசின் ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் விண்ணப்பிக்கிறார்கள். ரோக் ஆற்றின் ‘வைல்ட்’ பகுதிக்கு மே 15 முதல் அக்டோபர் 15 வரை அனுமதி தேவை. செல்வேயில் அனுமதிக் காலமான மே 15 முதல் ஜூலை 31 வரை ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழுதான் இறங்கலாம். குலுக்கலில் விழாதவர்கள் மனம் தளர வேண்டாம். இடத்தைக் கைவிடுபவர்களின் தேதிகள் பின்னர் தளத்தில் வரும், தவிர உரிமம் பெற்ற நிறுவனங்களின் பயணத்தில் கட்டணம் செலுத்திச் சேரலாம். முதல்முறைக்கு அதுவே சரி என்பது என் கருத்து.

ஆறு அரசுப் பாதுகாப்பில் இருப்பதால், கரையில் எங்கும் இறங்கிச் சமைக்கலாம் அல்லவா?
வாசகர், நியூ ஜெர்சி

இறங்கக் கூடாது. இந்தச் சட்டம் தனியார் நிலத்தைப் பொது நிலமாக்குவதில்லை. உங்களுக்கு அருகிலுள்ள மேல் டெலவேரில் காக்கப்பட்ட 73 மைலுக்கும் கரை பெரும்பாலும் தனியாருடையது. குறிப்பிட்ட இறங்குதுறைகளிலும் கட்டணமுள்ள முகாம்களிலும் மட்டுமே நிற்க வேண்டும்.

பொது நிலமாக இருந்தாலும் விதிகள் கடுமையானவை. ரோக்கிலும் சாமன் நடுக்கிளையிலும் தீ மூட்ட உலோகத் தட்டு கொண்டுபோக வேண்டும். சாம்பலையும் மனிதக் கழிவையும் மூடிய கலனில் திரும்பக் கொண்டுவர வேண்டும். கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஒரு கோடை முழுவதும் ஆயிரக்கணக்கானோர் அதே சில மணல் திட்டுகளில் உறங்குகிறார்கள், அங்கே வேறு வழியே கிடையாது. சோப்பு எதுவானாலும் ஆற்றிலிருந்து 200 அடி தள்ளி.

இவ்வளவு அழகான ஆறுகளைக் காப்பாற்றியதில் படகோட்டிகளுக்கு ஏதேனும் பங்கு உண்டா, அல்லது எல்லாம் அரசு செய்ததா?
வாசகி, கலிஃபோர்னியா

பங்கு உண்டு, அதற்கு ஒரு தோல்வியும் ஒரு வெற்றியும் உங்கள் மாநிலத்திலேயே இருக்கின்றன. ஸ்டானிஸ்லாஸ் ஆற்றில் கேம்ப் நைனுக்கும் பாரட்ஸ் ஃபெர்ரிக்கும் இடைப்பட்ட சுமார் 9 மைல் சுண்ணாம்புப் பள்ளத்தாக்கு, எளிய மனிதர்கள் ராஃப்ட்டில் வேகநீரைக் கற்றுக்கொண்ட இடம். நியூ மெலோன்ஸ் அணையின் நீர் அதை மூழ்கடிக்கும் என்று தெரிந்ததும் படகோட்டிகள் 1974இல் மாநில வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள், தோற்றார்கள். 1979 மே மாதத்தில் மார்க் டுபாய் என்ற வழிகாட்டி, உயர்ந்துவரும் நீரின் ஓரத்தில் மறைவான ஒரு பாறையில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். நீரேற்றம் அப்போது நிறுத்தப்பட்டது. ஆனாலும் 1980களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கு நீருக்கடியில் போயிற்று.

அந்தப் போராட்டத்தில் பழகிய மனிதர்களும் அமைப்புகளும் அடுத்த ஆற்றுக்குத் திரும்பினார்கள். பக்கத்திலுள்ள டுவாலமியிலும் புதிய அணைகளுக்குத் திட்டம் இருந்தது. 1984இல் அதன் 83 மைல் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் சேர்ந்த பகுதியில் அணைக்கு உரிமம் வழங்கக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பதே இந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. டுவாலமிக்கு மேலே பழைய அணைகள் இருக்கின்றன, அவற்றைச் சட்டம் இடிக்கவில்லை. கீழே எஞ்சியதை அது காத்துவைத்தது.

இன்று 200க்கும் மேற்பட்ட ஆறுகள், 13,000 மைலுக்கு மேல், பட்டியலில் உள்ளன. பெரிதாகத் தோன்றும், ஆனால் நாட்டின் மொத்த ஆற்று நீளத்தில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. அடுத்த முறை டுவாலமியில் கிளேவி அருவியின் இரைச்சலைக் கேட்கும்போது, அந்த இடம் ஒரு நீர்த்தேக்கத்தின் அடியாக இருந்திருக்கக் கூடியது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எனக்கு 58 வயது. மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகிறேன். இந்த வயதில் துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா, அல்லது கரையில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?
வாசகி, மினசோட்டா செல்லவிருப்பவர்

தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், அம்மா. துடுப்பு வலிப்பதற்குத் தோள் வலு வேண்டும் என்று நினைக்கிறார்கள். கையை நீட்டி, இடுப்பையும் முதுகையும் திருப்பினால் படகு போகும், கையை மட்டும் மடக்கி இழுப்பவர்தான் அரை மணியில் சோர்வார். மகனோடு இருவர் கேனோவில் ஏறி, முதலில் முன்னிருக்கையில் அமருங்கள். திசையைப் பின்னாலிருப்பவர் பார்த்துக்கொள்வார். சில நாள் பழகியபின் இடம் மாறி, வலித்து முடிக்கும்போது துடுப்பின் முகத்தை வெளிப்புறமாகத் திருப்பித் தள்ளும் ‘ஜே’ வலிப்பைக் கற்றுக்கொண்டால் படகு நேராகப் போகும். முதல் சில நாள்கள் ஏரியில். பிறகு ஆகஸ்டு அல்லது செப்டம்பரில், நீர் தணிந்து கொசுவும் குறைந்தபின், மகன் வீட்டிலிருந்து எட்டும் தூரத்திலுள்ள செயின்ட் குரோயில் ஐந்தாறு மைல்.

சிறு அலைகள் வரும் இடத்தில் இருக்கையிலிருந்து இறங்கி மண்டியிட்டால் படகு உடனே நிலைப்படும். அதற்காக ஒரு தடித்த நுரைமெத்தைத் துண்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாள் மாலை வலிப்பது தோளாக இருக்காது, முழங்காலாக இருக்கும்.